பெட்டையைக் கொடுப்பதில்லை

சேசு மரி சூசை துணை

மௌலா அலி,
11 அக்டோபர் 1936

அன்புத் தங்கை தங்கத்துக்கு, அக்கா லூர்துமேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகமாயிருக்கிறோம். கோலார் மாரிக்குப்பத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது தெரிந்து இரண்டு மாதமாகிறது. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு கார்டுகூட வரவில்லை. ஜேம்ஸ் தம்பிக்குச் சுரங்கத்தில் இன்னும் ராத்திரி ஷிப்டுதானா? பையன்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா? சின்னவள் ஆரோக்கியத்துக்கு இருமல் நின்றதா?

உன் அத்தான் வழக்கம்போல வாரத்தில் நாலு நாள் கூட்ஸ் வண்டியோடு போய்விடுகிறார். பேபிக்கு ஒன்பது முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் தெலுங்கும் உருதும். நான் தமிழில் கேட்டால், ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்று தலையாட்டுகிறாள். தமிழ் எழுத்து மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை.

போன வாரம் மலைத் தர்கா உருஸ் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்தது. மூன்று வருஷத்துக்கு முன் உருஸுக்கு வந்த நவாப் வீட்டுக் கோழிக்காரர், கால் முறிந்த அசில் சண்டைக்கோழிப் பெட்டை ஒன்றைப் பிழைக்காது என்று நம் வாசலில் விட்டுப் போனாரே, மகபூப் சாயபு, நினைவிருக்கிறதா? பேபி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி அதைப் பிழைக்க வைத்தாள். இப்போது அதற்கு ஒரு மகளும் இருக்கிறது. சாயபு இந்த வருஷமும் வந்தார். இரண்டையும் தூக்கிப் பார்த்து, கால்நகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்தார். அசல் ரத்தமாம். தன்னிடமிருந்த சேவலைப் பதினைந்து நாள் விட்டுப் போயிருக்கிறார். பனிக்காலம்தான் குஞ்சு எடுக்கத் தோதான காலம் என்றார். போகும்போது, "சேவல் யாருக்கு வேணும்னாலும் குடுங்க அம்மா. பெட்டை நக்கோ, குடுக்காதீங்க. அசில் வச்சிருக்கிறவங்க பெட்டையை வெளியே குடுக்கிறதில்லை" என்று இரண்டு தரம் சொன்னார்.

உடனே பதில் போடு.

உன் அக்கா,
லூர்துமேரி


மாரிக்குப்பம்,
4 நவம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்குத் தங்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானும் பேபியும் சுகமென்று அறிந்து சந்தோஷம். இவ்விடம் சுகம். வேலை அதிகம், எழுதக் கை வரவில்லை. முந்தாநாள் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். காற்று பலமாயிருந்தது. ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டே இருந்தது. நான் கடைசிவரை இருந்துவிட்டு வந்தேன்.

பேபி இப்போது எவ்வளவு உயரம்? ஒரு நூலில் அளவெடுத்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள்.

அக்கா, கிறிஸ்மஸுக்கு அவளை இங்கே அழைத்து வாருங்கள். வந்தபிறகு அவள் இங்கேயே இருக்கட்டும். ரொம்ப நாளாக எழுத நினைத்து இன்று எழுதிவிட்டேன்.

தங்கம்


மௌலா அலி,
22 நவம்பர் 1936

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. சுகமென்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆரோக்கியத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ ஒன்றும் எழுதவில்லை.

இங்கே பனி தொடங்கிவிட்டது. விடியற்காலையில் ஸ்டேஷன் விளக்குக்கூடத் தெரிவதில்லை. கூண்டைச் சுற்றிக் கோணி கட்டியிருக்கிறேன். தரையில் நெல்லுமி பரப்பி, தினம் மாற்றுகிறோம். ஈரம் பட்டால் கால் விறைத்துப்போகும். காலையில் கம்பை வறுத்துச் சூடாகப் போடுகிறோம். குடிதண்ணீரையும் வெதுவெதுப்பாக வைக்கிறாள் பேபி.

பெரிய பெட்டை பதினொரு முட்டை இட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஒன்று. ஆனால் அதை அடையில் உட்கார வைத்தால் கனம் தாங்காமல் முட்டை நொறுங்குகிறது. எழுந்து சண்டைக்குப் போகிறது, திரும்பி வந்து மிதிக்கிறது. மூன்று போயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்லம்மாவின் நாட்டுக்கோழி ஒன்று அடை கேட்டுக்கொண்டிருந்தது. அதை இரவல் வாங்கி, மீதி எட்டையும் கரித்துண்டால் குறி போட்டு, அதன் அடியில் வைத்துவிட்டேன். மகளுடைய முட்டை நாலும் சேர்த்துப் பன்னிரண்டு. அந்த நாட்டுக்கோழி சின்ன உடம்பை எவ்வளவு அகலமாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது தெரியுமா! யார் இட்ட முட்டை என்று அது பார்க்கவில்லை. இரை எடுக்கக்கூட எழுந்திருப்பதில்லை.

பேபிக்குப் பரீட்சை. கிறிஸ்மஸுக்கு வர முடியாது. ஜேம்ஸ் தம்பிக்கு எங்கள் அன்பைச் சொல்.

லூர்துமேரி


மாரிக்குப்பம்,
3 டிசம்பர் 1936

அக்காவுக்கு.

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கோழிக் கதை எழுத வேண்டாம் அக்கா. நான் அதிகம் படிக்காதவளாக இருக்கலாம், புரியாதவள் இல்லை. யார் இட்ட முட்டை என்று பார்க்கவில்லையாம். எனக்கென்று எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா?

பேபி பிறந்து நாற்பதாம் நாள் எனக்கு ஜன்னி கண்டு படுத்திருந்தேன். மாரில் பால் இல்லை, உடம்பில் உயிர் இல்லை. நீங்கள் வந்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "தூக்கிக்கொண்டு போங்கள் அக்கா, பிழைக்கட்டும்" என்றேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றா சொன்னேன்? நான் எழுந்து நடமாடியபிறகு நீங்கள் கொண்டுவந்து விடவில்லை. உங்களுக்குப் பிள்ளையில்லை என்று நானும் வாய் திறக்கவில்லை. மாமியார் சொன்னார்கள், ஜேம்ஸும் சொன்னார்: அடுத்தது பெண்ணாகவே பிறந்துவிட்டது, அக்காவிடம் இருப்பது இருக்கட்டும் என்று. இருந்தது. ஒன்பது வருஷம்.

அவளிடம் சொல்லிவிட்டீர்களா? என்னை இன்னும் சின்னம்மா என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா?

தங்கம்


மௌலா அலி,
20 டிசம்பர் 1936

தங்கத்துக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம்.

நான் கோழியைப் பற்றி எழுதியது கோழியைப் பற்றித்தான். உன் மனதில் வேறு இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பதினொன்றாம் தேதி குஞ்சு பொரித்தது. பன்னிரண்டில் எட்டு. இரண்டு கூமுட்டை, இரண்டு ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. இந்த வருஷக் குளிர் மாதிரி நான் பார்த்ததில்லை. சமையலறையில் கணப்புச் சட்டி போட்டு, மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தாயையும் குஞ்சுகளையும் உள்ளே வைத்திருக்கிறேன். பேபி பள்ளிவிட்டு வந்ததும் பை வைப்பதற்குமுன் அங்கேதான் ஓடுகிறாள். எட்டுக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வயிறு நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள். அசில் குஞ்சுகள் பத்தாம் நாளே ஒன்றையொன்று கொத்துகின்றன. அவள் நடுவில் கையை வைத்து, "சண்டை நக்கோ" என்று கண்டிக்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவளிடம் சொல்லவில்லை. உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டும்போது சில வரிகளைத் தாண்டிவிடுகிறேன். அதுவும் உண்மை. பாவம் என்றால் என் பாவம்.

ஆனால் ஒன்பது வருஷம் கேட்காதவள் இந்தப் பனிக்காலத்தில் ஏன் கேட்கிறாய்? என்ன வந்துவிட்டது உனக்கு? உன் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. என் வீட்டில் இவள் ஒருத்தி. எண்ணிப் பார்த்துவிட்டு எழுது.

கிறிஸ்மஸ் வாழ்த்து.

லூர்துமேரி


மாரிக்குப்பம்,
6 ஜனவரி 1937

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு ஜேம்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. சகலை அண்ணன் கொர்னேலியஸுக்கும் என் வணக்கம்.

நான் கடிதம் எழுதிப் பழகாதவன். தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும். தங்கத்துக்குத் தெரியாமல் ஷிப்டு முடிந்து வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆரோக்கியம் செப்டம்பர் பதினான்காம் தேதி இறந்துபோனாள். ஐந்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சிகூடக் குடித்தாள். அவளுக்கு ஏழு வயது.

உங்களுக்குத் தந்தி கொடுக்கப் போனேன். தங்கம் தடுத்துவிட்டாள். "அக்காவுக்குத் தெரிந்தால் பயந்துபோய் பேபியை இந்த வீட்டுப் பக்கமே அனுப்ப மாட்டார்கள்" என்றாள். அன்றிலிருந்து அவள் அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. வேலை செய்கிறாள், சமைக்கிறாள், சாப்பாட்டு நேரத்தில் தட்டு மூன்று வைக்கிறாள். பையன்கள் இருவரும் மூன்றாவது தட்டைத் தொடாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். சுவாமியார் வந்து பேசினார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்தபோது அவள் கையெல்லாம் மாவாயிருந்தது, நான்தான் படித்துக் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு எழுது என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். "படியுங்கள், மிச்சத்தையும் படியுங்கள்" என்றாள். படித்தேன்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது. பேபியை அனுப்பச் சொல்லியும் எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டியது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான்.

தங்கள் பணிவுள்ள,
ஜேம்ஸ்


மௌலா அலி,
13 ஜனவரி 1937

என் தங்கமே,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜேம்ஸ் தம்பி எழுதியிருக்கிறார். அவர்மேல் கோபப்படாதே.

நான் எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த வரியை எழுதிய கை இதுதான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உன் அத்தான் லைனிலிருந்து வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு வந்து, "பேபியிடம் சொல்லிவிடு லூர்து. இதற்குமேல் தாங்காது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சொன்னேன். கூண்டருகே உட்கார்ந்து குஞ்சுகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன்னைப் பெற்றது சின்னம்மா என்றேன். நாற்பதாம் நாள் நான் தூக்கி வந்தேன் என்றேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதையும், ஆரோக்கியம் போனதையும் சொன்னேன். அவள் நொய் போடுவதை நிறுத்தவில்லை. கை காலியான பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு, "செத்துப்போன ஆரோக்கியம் எனக்கு யாரு?" என்று கேட்டாள்.

"உன் கூடப் பிறந்த தங்கச்சி" என்றேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தால் எழுது. அன்று முழுவதும் குஞ்சுகளோடேயே இருந்தாள். மறுநாள் காலையில் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் கூப்பிடுவதற்குமுன் ஒரு கணம் நின்றாள்.

நீ கேட்ட நூலளவு இத்துடன் இருக்கிறது. தலையிலிருந்து குதிகால் வரை. அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீ இங்கே வா. கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போ. அவளைப் பார். பிறகு நீ என்ன சொல்கிறாயோ அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

உன் அக்கா


மாரிக்குப்பம்,
25 ஜனவரி 1937

அக்காவுக்குத் தங்கம் எழுதுவது.

சுகம். வருகிறேன். ஞாயிறு புறப்பட்டுப் பெங்களூரிலும் குண்டக்கல்லிலும் வண்டி மாறி வருவேன். அத்தானை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள்.

பேபி கேட்டதற்குப் பதில்: ஆரோக்கியத்துக்குத் தெரியும். நான் அவளிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். "அக்கா எப்போ வரும்?" என்று கேட்பாள்.

தங்கம்


மௌலா அலி,
21 பிப்ரவரி 1937

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நீயும் பேபியும் நல்லபடி போய்ச் சேர்ந்ததாக ஜேம்ஸ் தம்பியின் கார்டு கிடைத்தது. பேபிக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? கொதிக்க வைத்துக் கொடு. தலைக்கு எண்ணெய் வைத்தால் அன்றே குளிக்க வை, இல்லாவிட்டால் சளி பிடிக்கும்.

நீ இங்கே வந்த நாலாம் நாள் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்ததே, அது நீ போனபிறகும் விடவில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்தேன். பெரிய பெட்டை போய்விட்டது. கழுத்தைத் திருகிக்கொண்டு இரண்டு நாள் கிடந்து செத்தது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். எட்டுக் குஞ்சில் மூன்றுதான் மிச்சம். மகள் பிழைத்துக்கொண்டது. செல்லம்மாவின் நாட்டுக்கோழிக்கு ஒன்றும் இல்லை. நோய் அடங்கும்வரை வைத்திருந்து, பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். "அவளை நான் கேட்கமாட்டேன் அக்கா, பார்த்துவிட்டேன், போதும்" என்று நீ சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உயிர் திரும்பி வந்தது. உனக்காக வருத்தப்படுவதற்குமுன் அந்தச் சந்தோஷம்தான் வந்தது. என்னை மன்னித்துக்கொள்.

நீ புறப்படுகிற அன்று காலையில் கோயிலுக்குப் போயிருந்தாய். திரும்பி வந்தபோது பேபி பெட்டியோடு நின்றாள் அல்லவா? நான் அனுப்பிவைக்கிறேன் என்று நீ நினைத்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் அனுப்பவில்லை தங்கம். அவளே என்னிடம் வந்து, "அம்மா, நானும் போறேன்" என்றாள்.

"கைக்கு?" என்று கேட்டேன். ஏன் என்பது அவள் பாஷையிலேயே வந்துவிட்டது.

"அன்னிக்கு அவங்க மடியில குஞ்சு செத்துச்சில்ல. எவ்வளவு அழுதாங்க. அது குஞ்சுக்கு இல்லைம்மா."

நானும் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் குஞ்சு உன் முந்தானைக்குள் கீச்சிடவும் திராணியில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. நீ அதன் தலையை விரலால் தாங்கிக்கொண்டிருந்தாய். அது அடங்கியதும் உன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நான் பயந்து வெளியே போய்விட்டேன். அவள் போகவில்லை. உன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"அங்கே போனா மறுபடி எப்ப வருவே?" என்றேன்.

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள். ஒன்பது வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது! "ஹவ்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவளை நான் கொடுக்கவில்லை, நீயும் வாங்கவில்லை. அவள் வந்தாள்.

லூர்துமேரி


மாரிக்குப்பம்,
14 மார்ச் 1937

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேபி சொல்லச் சொல்ல ஜேம்ஸ் எழுதுவது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? அப்பா எந்த லைன்ல போறாங்க? இங்கே நம்ம ஊரு மாதிரி பெரிய பாறை இல்லை. வெள்ளையா மண்மலை இருக்கு, பூமிக்குள்ளேருந்து எடுத்துப் போட்டதாம். காத்தடிச்சா வீட்டுக்குள்ள வந்துடும். சங்கு ஊதினா எல்லாரும் போறாங்க. பள்ளிக்கூடத்துல என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் தெலுங்குல திட்டினேன். ஒருத்தி அதுக்கும் தெலுங்குல பதில் சொன்னா. இப்ப ரெண்டு பேரும் ஃபிரெண்டு.

ஆரோக்கியத்தோட கவுன் எனக்குப் பத்தலை. அவங்க அதைப் பிரிச்சு, கீழே வேற துணி வச்சுத் தச்சாங்க. நான் போட்டுக்கிட்டேன். அவங்க பார்த்துட்டு ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் சாப்பிட்டாங்க. இப்பல்லாம் அடிக்கடி அழறாங்க. சித்தப்பா அது நல்லதுன்னு சொல்றாங்க.

எங்க மூணு பேருக்கும் தட்டு வைக்கிறாங்க.

இதை அவங்க தண்ணிக்குப் போயிருக்கும்போது சொல்றேன். சித்தப்பா எழுதலாமான்னு யோசிச்சாங்க, எழுதுங்கன்னேன். அவங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை. சின்னம்மான்னு கூப்பிட்டா முகம் ஒரு மாதிரி ஆகுது. அதனால நான் எதுவும் கூப்பிடாம, பக்கத்துல போய் நின்னுதான் பேசறேன். அம்மான்னு கூப்பிட்டா நீங்க கோவிச்சுக்குவீங்களா? கோவிச்சுக்குவீங்கன்னா கூப்பிடலை.

பேபி


மௌலா அலி,
5 ஏப்ரல் 1937

அன்புச் செல்லம் பேபிக்கு. இதைச் சித்தப்பா உனக்குத் தனியாகப் படித்துக் காட்டட்டும்.

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் பாஸ்கா ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். இதற்குமேல் உன்னைக் காக்க வைப்பது சரியில்லை என்று அப்பா சொன்னார்.

பனி போய் வெயில் வந்துவிட்டது. கோணிகளை அவிழ்த்துவிட்டேன். மூன்று குஞ்சும் வளர்ந்துவிட்டன. இரண்டு பெட்டை, ஒன்று சேவல். மகபூப் சாயபு சிக்கந்தராபாத்துக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நோய்க்குப் பிறகு இது மிஞ்சியதே பெரிசு என்றார். மே மாதம் லீவுக்கு நீ வருவாய் என்று அப்பா உனக்காக ரயில் பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நீ கேட்டாயே, எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருக்கிறது. அது என்னுடையது, அதை நீ சுமக்க வேண்டாம்.

கூப்பிடு கண்ணே. நேருக்கு நேர் நின்றால் வாய் கூசும். அவள் அடுப்படியில் குனிந்து ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது, வாசலில் நின்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார். சத்தமாகக்கூட வேண்டாம்.

திரும்பிப் பார்ப்பாள்.

உன் பெரியம்மா,
லூர்துமேரி